வெள்ளைக் கோடும் சாத்திய ஜன்னலும்

வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவதா, திறப்பதா?

சிரிக்காதீர்கள். கம்பெனிகள் சூழ்ந்த எர்ணாவூரில் குடியிருக்கிற, கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிய, பதினோரு மாதக் குழந்தைக்குத் தாயான எனக்கு இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியாது.

போன வாரம் எஸ்தருக்கு முதல் பல் முளைத்ததை எழுதியிருந்தேன். இந்த வாரம் பல் துலக்கும் பிரஷ் வருகிறது. ஆனால் அது பல்லுக்கு அல்ல.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். சமையலறைத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாலில், பாய்மேல், எஸ்தர் ஒரு கரண்டியால் இன்னொரு கரண்டியை அடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மூக்கில் சுள்ளென்று ஏறியது. கண் எரிந்தது. யோசிக்கவே இல்லை. எழுந்து ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு வாசல் கதவை.

ஏன் சாத்தினேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கறுப்பு என்று நினைத்த கோடு

எங்களுடையது கீழ்த்தளத்து வாடகை வீடு. ஹால் என்று சொல்வது, கட்டிலும் பீரோவும் போக ஒரு பாய் விரிக்கிற இடம். சமையலறைதான் பெரியது. வெள்ளை டைல்ஸ், நடுவில் கறுப்புக் கோடுகள். குடி வந்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது. கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரி ஒழுங்காக இருக்கிறதே, வீட்டுக்காரருக்கு நல்ல ரசனை என்று என் கணவர் ஜோசப்பிடம் சொன்னேன். அவர் ராயபுரத்துக்காரர். கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிற வேலை.

"இன்னா ரசனையோ. தரைன்னா தரை" என்றார்.

இரண்டு வருடம் அந்தக் கறுப்புக் கோடுகளின் மேல் நடந்தேன். தினமும் துடைத்தேன். அது டிசைன் என்றே நம்பினேன்.

எஸ்தர் பிறந்து சில மாதம் கழித்து, மளிகைச் சாமான் வைக்கிற இரும்பு ஸ்டாண்டை நகர்த்த வேண்டியிருந்தது. வீட்டோடு வந்த பழைய ஸ்டாண்ட் அது. ஒரு காலுக்கு மாட்டியிருந்த ரப்பர் மூடி தரையோடு ஒட்டிப்போயிருந்தது. கத்தியால் நெம்பி எடுத்தேன். அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கோடு. வெள்ளைக் கோடு.

குனிந்து பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளைதான்.

பக்கத்து வீட்டு மேரி அக்காவைக் கூப்பிட்டேன். மேரி அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். காசிமேட்டில் மீன் பேக்கிங் கம்பெனியில் வேலை. எங்கள் எர்ணாவூர்த் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"வெள்ளை சிமெண்டுதாம்மா அது. நீ வர்றதுக்கு மின்னாடி ஒரு மழைல தண்ணி உள்ள பூந்துச்சில்ல, சும்மா கம்பெனி எண்ணெயும் சேறுமா, கன்னங்கரேல்னு. முட்டி வரிக்கும் நின்னுகினு இருந்துச்சி. டைல்ஸைக் கழுவிட்டாங்க, இடுக்குல பூந்தது அப்படியே கீது."

"அப்ப இது அழுக்கா அக்கா?"

"பின்ன இன்னா, டிசைனா?"

இந்த இடத்தில் நான் முகம் சிவந்ததை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடமாக அழுக்கை ரசித்திருக்கிறேன். விருந்தாளிகளிடம் வேறு காட்டியிருக்கிறேன்.

"தரையில விடுங்கம்மா"

அதற்குப் பிறகு என்னால் எஸ்தரைத் தரையில் விட முடியவில்லை. சமையல் நடக்கும்போது இடுப்பில். மற்ற நேரம் கட்டிலில், நாலு பக்கமும் தலையணை. பாயில் விட்டால்கூட, பாயின் ஓரத்துக்கு அவள் கை போனதும் இழுத்து நடுவில் வைத்துவிடுவேன். எண்ணெய் கலந்த அழுக்கு, அதில் என்னென்ன இருக்குமோ, அவள் கையை வாயில் வைப்பாளே என்று ஒரே யோசனை. அதிகப்படியாகப் பயப்படுகிறேனோ என்றும் யோசனை.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டார்.

"தவழுறாளா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"தரையில விடுறீங்களா?"

நான் எஸ்தரின் சட்டையை இழுத்துவிட்டேன். அவர் எஸ்தரின் முட்டியைத் திருப்பிப் பார்த்தார். அது பஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

"தரையையே பாக்காத முட்டி. இப்படி இடுப்புலயே வெச்சிருந்தா புள்ள எப்படி தவழும்? தரையில விடுங்கம்மா. ஒரு மாசம் கழிச்சி வாங்க, பாக்கலாம்."

ஆட்டோவில் வீடு வரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். குழந்தை சோம்பேறி இல்லை. நான்தான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறேன். தரையைச் சுத்தம் செய்தால் அவள் தவழுவாள். செய்யாவிட்டால் அவளை விட எனக்குத் தைரியம் வராது. விஷயம் அவ்வளவுதான். ஒரு மாதம் கையில் இருந்தது.

பாதி இறங்கிய ஷட்டர்

ஜன்னல் கதைக்கு வருவதற்கு முன் இன்னும் ஒரு சுற்று.

என் அப்பாவுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். திருவொற்றியூரில் மளிகைக் கடை. கடைக்கு மேலேயே வீடு. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கள் தெருவில் நேரம் காலம் இல்லாமல் ஒரு வாடை வரும். சில நாள் அழுகிய முட்டை. சில நாள் கண்ணில் வெங்காயம் அரிந்த மாதிரி. எந்தக் கம்பெனி, என்ன வாயு, யாருக்கும் தெரியாது. தெருமுனையில் யாராவது ஒருவர் "கேஸு! கேஸு!" என்று கத்துவார். உடனே ஒவ்வொரு வீடாக ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். கடைசி வீட்டு ஜன்னல் வரை அந்தச் சத்தம் போவதைக் கேட்கலாம்.

அப்பா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து மேலே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஏட்டி ஷீபா! ஜன்னல அடைச்சுப் போடுட்டி! துண்ட நனைச்சு மூக்குல வைங்க எல்லாரும்!"

முழுதாக இறக்க மாட்டார். யாராவது அவசரத்துக்குத் தீப்பெட்டி கேட்டு வந்தால்?

நனைத்த துண்டுக்குள் மூச்சு விட்டபடி நான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். கால் மணி, அரை மணி. பிறகு யாராவது ஒரு ஜன்னலைத் திறப்பார்கள், அதைப் பார்த்து அடுத்தவர்கள். பின்னாளில் கல்லூரியில் அமோனியா பாட்டிலை லேபில் திறந்தபோது, மற்ற பெண்கள் விலகி நின்றார்கள். நான் மட்டும் ஜன்னலைச் சாத்த நடந்தேன். பேராசிரியை, "எங்க போற, அத நல்லா திற!" என்று அதட்டினார். வகுப்பே சிரித்தது.

அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அந்தப் பதினோரு மணி

தரையை வெளுப்பாக்க மேரி அக்காதான் முதல் யோசனை சொன்னார்.

"பிளீச்சிங் பவுட்ரு தூவி ஊற வுடு. அப்பால தேச்சிப் பாரு."

மழை முடிந்து வாசலில் தூவ வைத்திருந்த பொட்டலம் இருந்தது. ஒரு நாள் மாலை கோடுகளில் குழைத்துப் பூசினேன். மறுநாள் காலை கழுவினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. கறுப்பு கொஞ்சம் சாம்பலானது. அவ்வளவுதான்.

எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு மாதத்தில் இரண்டு வாரம் முடிந்திருந்தது. பாத்ரூமில் இருந்த ஆசிட் பாட்டிலை எடுத்து வந்தேன். லேபிளை இரண்டு முறை படித்தேன். காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும் என்று இருந்தது. சமையலறை ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேரக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? அதன் சமன்பாட்டைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். இரண்டு முறை கழுவியாயிற்றே என்று நினைத்தேன். கழுவிய தண்ணீர் டைல்ஸின் மேலே போனது. பவுடர் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ஊற்றினேன். சுள்ளென்று ஏறியது. பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். கண் எரிந்த அந்த நொடியில் நான் பட்டதாரி இல்லை. எங்கோ கம்பெனியில் கேஸ் விட்டுவிட்டான் என்று நம்பிய திருவொற்றியூர்ச் சிறுமி.

ஜன்னல், கதவு, பின்கட்டு, எல்லாவற்றையும் சாத்தினேன். துண்டை நனைத்து எஸ்தரின் மூக்கில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டேன். எவ்வளவு சரியாகச் செய்கிறேன் என்றுகூட மனசுக்குள் ஓடியது. வாடை குறையவில்லை. எஸ்தர் இரும ஆரம்பித்தாள்.

கதவு தடதடத்தது.

"ஷீபா! ஏய் ஷீபா! இன்னாத்துக்கு சாத்திக்கினு கீற?"

ஒரு கதவை மட்டும் கொஞ்சமாகத் திறந்து, மேரி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கேஸ் அக்கா! சீக்கிரம் உள்ள வாங்க, கதவச் சாத்தணும்!"

மேரி அக்கா ஒரு மூச்சு இழுத்தார். அவர் முகம் மாறியது.

"வெளில ஒண்ணியும் இல்லம்மா! வூட்டுக்குள்ளருந்துதான் வருது! கொயந்தயக் குடு!"

குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். வெளியே நல்ல வெயில். யாரோ வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். எர்ணாவூர்க் காற்று அவ்வளவு சுத்தமாக எனக்கு என்றுமே பட்டதில்லை.

மேரி அக்காவின் தம்பி முகத்தில் துணி கட்டிக்கொண்டு போய்க் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தார். நாங்கள் ஆட்டோ பிடித்தோம். அதே டாக்டரம்மா. எஸ்தரின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்பதை எழுத மாட்டேன்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. ரெண்டு மணி நேரம் இங்கயே உக்காருங்க, மறுபடி பாக்கறேன். என்ன வாயு அது, தெரியுமா?"

"குளோரின் டாக்டர். நான் கெமிஸ்ட்ரி படிச்சவ."

அவர் குழாயைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். "நல்லதாப் போச்சு. நான் விளக்க வேண்டியதில்ல" என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்தும் எல்லாம் சரியாகவே இருந்தது. எஸ்தர் அதற்குள் டாக்டரம்மாவின் மேஜைமேல் இருந்த பேனாவைச் சப்பிவிட்டிருந்தாள்.

நாளைக்கு நாலு டைல்ஸ்

ஒரு வாரம் தரைப் பக்கமே போகவில்லை. ஆசிட் பாட்டில் வீட்டைவிட்டுப் போயிற்று. ஜோசப் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வுடு ஷீபா. பிளாஸ்டிக் ஷீட்டு ஒண்ணு வாங்கியாந்து ஒட்டிர்லாம். மேல வெள்ளையா பூ போட்டிருக்கும்."

நல்ல யோசனைதான். ஆனால் அடியில் அது அப்படியே இருக்குமே. மூடி வைத்துவிட்டு மேலே குழந்தையை விட எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலை ஒரு முறை மூடியதே போதாதா?

அப்போதுதான் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, படித்ததை யோசித்தேன். கோட்டில் இருப்பது என்ன? எண்ணெய், அதில் ஒட்டிய சேறு. எண்ணெயை எடுக்க ஆசிட் எதற்கு? அது சிமெண்டைத்தான் அரிக்கும். எண்ணெய்க்குச் சோப்பு. எண்ணெய் போனால் சேறு தானாகப் பிடியை விடும். எச்சில் தட்டைக் கழுவுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நான்தான் சுற்றி வளைத்துக் கண்டுபிடித்தேன்.

எஸ்தர் காலையில் தூங்குகிற ஒரு மணி நேரம் என் நேரம். முதலில் நல்ல தண்ணீர் விட்டு, தரையைப் பல முறை அலசித் துடைத்து, பழைய மருந்து எதுவும் மிச்சமில்லாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து நாலு டைல்ஸைச் சுற்றி ஊற வைப்பேன். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை காத்திருப்பேன். பழைய பல் துலக்கும் பிரஷின் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு தேய்ப்பேன். கறுப்புத் தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, சோடா உப்பைக் குழைத்துத் தடவி இன்னொரு முறை. மறுபடி ஒற்றல். தேய்ப்பதைவிட ஒற்றுவதுதான் முக்கியம். இல்லாவிட்டால் எடுத்த அழுக்கு பக்கத்துக் கோட்டில் போய்க் குடியேறிவிடும்.

முதல் நாள் ஒற்றி எடுத்த துணியைப் பார்த்து மிரண்டுபோனேன். சைக்கிள் செயின் துடைத்த மாதிரி இருந்தது. ஆனால் தரையில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, உண்மையான வெள்ளையில், ஈரத்தோடு கிடந்தது. அதைச் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குக்கர் ஆறாவது விசில் அடித்துவிட்டது. அன்று பருப்பு குழைந்துபோனது.

நாளைக்கு நாலு டைல்ஸ். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. முட்டி வலிக்கு எஸ்தரின் தலையணை. ஜோசப் மதியச் சாப்பாட்டுக்கு வந்து நின்று பார்ப்பார்.

"இன்னாம்மா இது, தரைக்கு பல்லு தேச்சி வுட்றியா?"

"ஆமா. நீங்க காலை கழுவிட்டு வாங்க."

கிண்டல் செய்தாரே தவிர, நான் முடித்த பகுதியைத் தாண்டிக் கால் வைத்துத்தான் போனார். யாரும் சொல்லவில்லை. அவராகவே. பிறகு ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவரே ஒரு புது பிரஷை முடி வெட்டி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டரம்மா சொன்ன ஒரு மாதம் தாண்டிவிட்டது. தாண்டட்டும் என்று விட்டேன். நான் ஒரு கெடுவைத் தாண்ட விட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை.

முடிந்த அன்று மேரி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே கால் வைக்கவில்லை.

"யம்மாடி! கலீஜா கெடந்த தரையா இது! சிரிக்குது பாரேன்!"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்க வூட்டுக்கும் வந்து சொல்லிக் குடேன். அந்த ஆசிட்டு வேல மட்டும் வாணாம்."

இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக வருகிறது. பட்டம் வாங்கிய அன்றுகூட என்னிடம் யாரும் எதையும் சொல்லிக் கொடு என்று கேட்டதில்லை.

உள்ளங்கை

எஸ்தரைச் சமையலறை நடுவில் உட்கார வைத்தேன். ஜோசப் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கரண்டியை ஆட்டினார். அவள் குனிந்தாள். ஒரு கோட்டை விரலால் தடவினாள். கையை ஊன்றினாள். முட்டியை ஊன்றினாள். பிறகு கரண்டி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டே, பின்னால் போனாள்.

"ரிவர்ஸ்ல போறாடீ! யார்டுல லாரி போற மாதிரி!" என்று ஜோசப் தரையை அடித்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள் முன்னால் வந்தாள். ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவர் வரை. நான் அவளைத் தூக்கி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரோஜா நிறம். வேறொன்றும் இல்லை. முட்டியையும் பார்த்தேன். லேசாகக் காய்ப்பு விழத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மாவிடம் போய் அந்த முட்டியைத்தான் முதலில் காட்டினேன்.

ஸ்டாண்டின் காலுக்கு அடியில் இருந்த அந்த நகம் அளவு வெள்ளையை இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. எது முதலிலேயே வெள்ளையாக இருந்த கோடு, எது நான் வெளுத்த கோடு என்று எனக்கே தெரியவில்லை.

இனி வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம்.

போன வாரம் ஒரு மாலை, நிஜமாகவே வெளியிலிருந்து வாடை வந்தது. தெருவில் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும் சத்தம் வரிசையாக வந்தது. என் கை ஜன்னல் கொக்கிவரை போய் நின்றுவிட்டது. எஸ்தர் தரையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவள் எழுந்து நின்று அந்த ஜன்னல் கம்பியைப் பிடிப்பாள். நான் செய்வதைத்தான் அவளும் செய்வாள்.

இப்போதைக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வாடை வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரே ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பேன். வெளியே நாறினால் உள்ளே போய்ச் சாத்துவேன். உள்ளே நாறினால் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே ஓடுவேன். இது சரியா, அந்த ஒரு மூச்சும் தப்பா என்று தெரியவில்லை.

கம்பெனிகளுக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். முக்கியமாக, உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நாறினால் என்ன செய்தீர்கள் என்று.